ஏழைகளுக்கு வேலை தர ஒரு துணித் தடை: 1700ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னணி

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 விழுக்காட்டுக்கு ஏற்றியபோது, திருப்பூர்ப் பனியன் தொழில் என்ன ஆகும் என்ற கவலையோடு ஒரு குழப்பமும் பலருக்கு இருந்தது. வரி போட்டால் விலை ஏறுவது வரி போட்ட நாட்டு மக்களுக்குத்தானே, அப்புறம் எதற்கு இதைச் செய்கிறார்கள்? இதற்குப் பல பதில்கள் சொல்லப்பட்டாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: உள்ளூர் ஆட்களுக்கு வேலை.

இந்தப் பதிலுக்கு வயது முந்நூறுக்கு மேல். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் இது துண்டுப் பிரசுரங்களிலும் தெருக் கலவரங்களிலும் உருண்டு திரண்டு, 1700இல் சட்டமாகவே ஆனது. சட்டத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், ‘இந்நாட்டு உற்பத்திகளை ஊக்குவித்து ஏழைகளுக்கு மேலும் திறம்பட வேலை கொடுப்பதற்கான சட்டம்’. பெயரைப் பார்த்தால் ஏதோ நலத்திட்டம் போல இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு. பாரசீகம், சீனா, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து வரும் பட்டுத் துணிகளையும், சாயமோ அச்சோ ஏற்றிய பருத்தித் துணிகளையும் இங்கிலாந்தில் யாரும் உடுத்தக் கூடாது என்கிறது.

ஏழைக்கும் துணித் தடைக்கும் என்ன முடிச்சு? அதை அவிழ்க்க, அன்றைய சொற்கள் என்ன பொருளில் புழங்கின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

‘ஏழை’ என்றால் யார்?

இன்று ஏழை என்றால் வறுமைக்கோடு நினைவுக்கு வரும். அன்றைய ஆங்கில எழுத்துகளில் அந்தச் சொல் பெரும்பாலும் உடலுழைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லாத எல்லோரையும் குறித்தது. இன்றைக்கு வேலை இருக்கும் நெசவாளியும் அதில் அடக்கம். நாளைக்கு வேலை நின்றால் அவர் நேராகப் பொது உதவிக்குத்தான் வர வேண்டும்.

அந்த உதவியை முறைப்படுத்தியது 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம். பாரிஷ் எனப்படும் ஒவ்வொரு தேவாலய வட்டாரமும் தன் எல்லைக்குள் இருக்கும் சொத்துக்காரர்களிடம் வரி வசூலித்துத் தன் ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதியவர், ஊனமுற்றவர் போன்றோருக்கு உதவித்தொகை. உடல் வலுவுள்ளவருக்குப் பணம் கிடையாது, வேலை. அதற்காகக் கம்பளி, சணல், இரும்பு போன்ற மூலப்பொருட்களை வட்டாரத்தார் வாங்கி இருப்பு வைக்க வேண்டும் என்ற விதி 1576இலேயே வந்துவிட்டது.

இதனால் வேலையின்மை என்பது ஒவ்வொரு நிலக்காரரின் பையிலும் கைவைக்கும் விஷயமானது. அந்த நூற்றாண்டின் கடைசிக் கட்டத்தில் ஏழைகளுக்கான வரி ஆண்டுக்கு ஆறரை லட்சம் பவுண்டைத் தாண்டியதாகப் பொருளாதார எழுத்தாளர் சார்லஸ் டாவெனன்ட் கணக்குக் காட்டினார். அதே காலத்தில் புள்ளிவிவரக்காரர் கிரிகோரி கிங் 1688ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து ஒரு பட்டியல் போட்டார். மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அதில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அதாவது கூலியாட்கள், குடிசைவாசிகள், சாதாரணச் சிப்பாய்கள், மாலுமிகள், நாடோடிகள், ‘நாட்டின் செல்வத்தைக் குறைப்பவர்கள்’. சம்பாதிப்பதைவிட அதிகம் செலவழிக்கிறார்களாம். வயலிலும் தறியிலும் கப்பலிலும் நின்றவர்கள் செல்வத்தைக் குறைக்கிறார்கள், வாடகை வாங்கியவர்கள் கூட்டுகிறார்கள்! இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தடுக்கும். ஆனால் அன்றைய ஆட்சியாளரின் கண்ணாடி அதுதான். நாட்டில் பாதிப் பேர் சுமை, அவர்களை உழைக்க வைத்தால் சுமை சொத்தாகும்.

வணிகச் சமநிலை

இரண்டாவது சொல் இது. ஏற்றுமதிப் பெறுமானத்திலிருந்து இறக்குமதிப் பெறுமானத்தைக் கழித்தால் வருவதுதான் வணிகச் சமநிலை. ஏற்றுமதி அதிகமானால் மீதி வெள்ளியாகவும் தங்கமாகவும் உள்ளே வரும், இறக்குமதி அதிகமானால் வெளியே போகும். வெள்ளி சொந்தமாக விளையாத நாட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினையாகத் தோன்றியது.

1620களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதி படுத்தது. காரணம் என்ன என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. அந்நியச் செலாவணிக்காரர்களின் சூழ்ச்சி என்றார் வணிகர் மாலின்ஸ். இன்னொரு வணிகரான மிஸ்ஸல்டன் அதை மறுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான தாமஸ் மன்னுக்குத் தன் கம்பெனியையும் காப்பாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் இந்தியாவில் ஆங்கிலக் கம்பளியை வாங்க ஆளில்லை, கம்பெனி வெள்ளியைக் கொண்டுபோய்த்தான் சரக்கு வாங்கியது. மன் சொன்ன பதில் கெட்டிக்காரத்தனமானது. விதைக்கும் காலத்தில் மட்டும் உழவரைப் பார்ப்பவர், நல்ல தானியத்தை மண்ணில் வீசும் பைத்தியக்காரர் என்றுதான் நினைப்பார். அறுவடையையும் பார்க்க வேண்டாமா? இந்தியச் சரக்கை ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்தால் போன வெள்ளிக்கு மேல் திரும்பி வரும். ஒரு நாட்டோடு உள்ள கணக்கைப் பார்க்காதே, மொத்தக் கணக்கைப் பார் என்பது சாரம். 1663இல் வெளிநாட்டு நாணயத்தையும் தங்கம், வெள்ளிப் பாளத்தையும் ஏற்றுமதி செய்யத் தடை நீங்கியது.

வெள்ளியிலிருந்து உழைப்புக்கு

மன்னின் பதிலால் வெள்ளி போகிறதே என்ற புகாரின் கூர் மழுங்கியது. அந்த இடத்தில் வேறொரு கேள்வி முன்னுக்கு வந்தது: சரக்கோடு சேர்த்து எத்தனை பேரின் வேலை உள்ளே வருகிறது, எத்தனை பேரின் வேலை வெளியே போகிறது?

ஒரு மூட்டை கம்பளி ரோமத்தை அப்படியே விற்றால் ஆடு வளர்த்தவரின் உழைப்புதான் விலையாகும். அதையே சிக்கெடுத்து, நூற்று, நெய்து, சாயமேற்றி விற்றால் அத்தனை பேரின் கூலியையும் வாங்குகிற வெளிநாட்டவர் கொடுக்கிறார். துணியாக இறக்குமதி செய்தால் இது தலைகீழ். இந்தத் தர்க்கத்திலிருந்து நேரடியாகச் சில விதிகள் பிறந்தன:

1. மூலப்பொருள் வெளியே போகக் கூடாது. கம்பளி ரோம ஏற்றுமதி 1660களிலிருந்து 1824 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. இரவில் கடற்கரையில் ரோமம் கடத்துவதே ஒரு தொழிலாக வளர்ந்ததும் அதனால்தான்.
2. மூலப்பொருள் உள்ளே வரலாம், முடித்த சரக்கு வரக் கூடாது. கச்சாப் பட்டு நல்லது, பட்டுத் துணி கெட்டது.
3. ஆட்சிக்கு உட்பட்ட மற்ற நிலங்கள் போட்டிக்கு வரக் கூடாது. 1699இல் அயர்லாந்தின் கம்பளித் துணிகள் வெளிநாடுகளுக்குப் போவது தடுக்கப்பட்டது. அயர்லாந்து ஏழைகளும் ஏழைகள்தான் என்ற எண்ணம் குறுக்கே வரவில்லை.
4. உள்ளூர்த் தேவையை உண்டாக்க வேண்டும். இது எதுவரை போனது என்றால், 1666, 1678 சட்டங்களின்படி பிணத்தைக்கூடக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும், மீறினால் 5 பவுண்டு அபராதம். உயிரோடிருப்பவர்கள் பருத்திக்கு மாறினாலும் செத்தவர்கள் மாற முடியாது.

இதே தர்க்கத்தை வைத்து அதற்கு முன்பே ஒரு பெரிய சோதனை நடந்து தோற்றிருந்தது. அன்று இங்கிலாந்து தன் கம்பளித் துணியைப் பெருமளவு வெள்ளையாகவே நெதர்லாந்துக்கு அனுப்பும். சாயமேற்றி மெருகு கொடுத்து லாபம் பார்ப்பது டச்சுக்காரர்கள். அந்த வேலையை நம்மவர்களுக்கே கொடுக்கலாமே என்று லண்டன் வணிகர் வில்லியம் காக்கேன் திட்டம் கொடுத்தார். 1614இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் வெள்ளைத் துணி ஏற்றுமதியை நிறுத்தினார். டச்சுக்காரர்கள் உடனே ஆங்கிலேயர் சாயமேற்றிய துணிக்குத் தடை போட்டார்கள். சாயப் பட்டறைக்குப் புது வேலை வரவில்லை, தறிக்காரர்களின் பழைய வேலையும் போனது. 1617இல் திட்டம் கைவிடப்பட்டது. வாங்குபவர் பதிலுக்கு என்ன செய்வார் என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்காததன் விலை இது.

சீட்டித் துணி வருகிறது

1639இல் மதராசப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்த பிரான்சிஸ் டே, அங்கே துணி மற்ற இடங்களைவிட 20 விழுக்காடு மலிவு என்று காரணம் சொன்னார். கம்பெனி இந்தக் கரைக்கு வந்ததே துணிக்காகத்தான். கோழிக்கோட்டின் பெயரால் ‘காலிகோ’ என்று அழைக்கப்பட்ட பருத்தித் துணியும், பூ வேலைப்பாடு எழுதிய சீட்டியும் சோழமண்டலக் கரை, குஜராத், வங்காளம் மூன்றிலிருந்தும் கப்பலேறின. 1664இல் கம்பெனி இறக்கியது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட துணி உருப்படிகள், இருபது ஆண்டு கழித்து 17 லட்சத்துக்கு மேல். துவைத்தாலும் சாயம் போகாத, லேசான, கம்பளியைவிட மலிவான துணி. வேலைக்காரப் பெண்ணும் சீமாட்டியும் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள் என்று புலம்பிய பிரசுரங்களும் உண்டு. அந்தப் புலம்பலில் எவ்வளவு பொருளாதாரம், எவ்வளவு வர்க்க எரிச்சல் என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

1697இல் லண்டன் நெசவாளர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், கம்பெனியின் தலைமையகத்தையும் தாக்கினார்கள். வணிகம் பற்றி அரசுக்கு ஆலோசனை சொன்ன வணிக வாரியத்தில் இருந்த ஜான் பொலெக்ஸ்பென், இந்தியாவின் உற்பத்தியும் இங்கிலாந்தின் உற்பத்தியும் சேர்ந்து வாழ முடியாதவை என்று எழுதினார். கம்பெனி பக்கம் நின்ற டாவெனன்ட், வணிகம் இயல்பிலேயே சுதந்திரமானது, தன் வாய்க்காலைத் தானே தேடிக்கொள்ளும் என்றார். வென்றது பொலெக்ஸ்பென் தரப்பு. 1700இல் சட்டம் வந்தது, 1701 செப்டம்பர் 29 முதல் நடைமுறை. மறு ஏற்றுமதிக்காகக் கிடங்கில் வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு அனுமதி இருந்தது.

எதிர்க்கேள்வி ஒன்று: மூவர் வேலையை ஒருவர் செய்தால்?

1701இல் பெயர் போடாமல் ஒரு பிரசுரம் வெளியானது. எழுதியவர் ஹென்றி மார்ட்டின் என்ற வழக்கறிஞர் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கிறார்கள். ஆடம் ஸ்மித்துக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால் இவ்வளவு தெளிவாக ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது வியப்புதான்.

அவர் வாதத்தைப் படிப்படியாக இப்படி வைக்கலாம்:

1. ஒரு நாட்டுக்கு வேண்டியது பொருள். வேலை அதற்கான செலவு.
2. இங்கிலாந்தில் ஒன்பது பேர் உழைத்து மூன்று மரக்கால் கோதுமைதான் விளைவிக்க முடியும், அதே உழைப்பில் செய்த வேறு சரக்கைக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து ஒன்பது மரக்கால் வாங்கலாம் என்று வையுங்கள். அப்போது அந்த ஒன்பது பேரை இங்கேயே உழ வைப்பது, மூன்று பேர் வேலைக்கு ஒன்பது பேரைப் பிடித்துவைப்பது.
3. மர அறுவை ஆலை வந்தால் கைரம்பக்காரர்களுக்கு வேலை போகும். ஆற்றில் படகு விட்டால் வண்டிக்காரர்களுக்கு வேலை போகும். அதற்காக ஆலையை உடைக்கவும் ஆற்றைத் தூர்க்கவும் யாராவது சொல்வார்களா? இந்திய வணிகமும் அப்படி ஒரு பொறிதான், குறைந்த உழைப்பில் துணி தரும் பொறி.
4. மூவர் செய்ததை ஒருவர் செய்து, மற்ற இருவர் சும்மா உட்கார்ந்தாலும் நாட்டுக்கு நட்டமில்லை. முன்பும் அந்த இருவரின் உழைப்பால் நாட்டுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லையே.

நான்காவது படி வந்ததும் வாசிப்பவர் முகம் சுளிக்கும். நாட்டுக்கு நட்டமில்லை, சரி. அந்த இருவரும் என்ன சாப்பிடுவது? அவர்கள் வேறு தொழிலுக்குப் போவார்கள், போட்டியால் எல்லாத் தொழிலிலும் வேலை நுணுக்கமாகப் பிரிந்து சரக்கு மலிவாகும், மலிவானால் விற்பனை கூடும், விற்பனை கூடினால் ஆள் தேவைப்படும் என்பது மார்ட்டினின் பதில். கைக்கடிகாரம் செய்பவர்களை உதாரணம் காட்டுகிறார்: ஒருவர் சக்கரம், ஒருவர் சுருள்வில், ஒருவர் முகப்பு.

என் பார்வையில் இந்த வாதத்தின் ஓட்டை தர்க்கத்தில் இல்லை, அன்றைய சட்டங்களில் இருக்கிறது. 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டப்படி, வேறு வட்டாரத்திலிருந்து வந்து குடியேறியவர் பிற்பாடு உதவி கேட்கக்கூடும் என்று சந்தேகம் வந்தாலே அவரைத் திருப்பி அனுப்பலாம். 1563ஆம் ஆண்டின் கைவினைஞர் சட்டப்படி, ஒரு தொழிலில் இறங்க ஏழு ஆண்டு பயிற்சி வேண்டும். ஊரும் மாற முடியாது, தொழிலும் மாற முடியாது. ‘வேறு வேலைக்குப் போ’ என்று சொல்வது யாருக்கு? சரக்குக்கு மட்டும் கதவைத் திறந்து ஆளுக்குப் பூட்டு போட்டிருந்தால் மார்ட்டின் கணக்கு காகிதத்தில்தான் நிற்கும்.

எதிர்க்கேள்வி இரண்டு: யாருடைய வேலையை எடுத்து யாருக்கு?

துணித் தடை ஒரு பக்கம் இருக்க, வேலையில்லாதவர்களைக் கூட்டிவைத்து நூற்க விடும் திட்டங்களும் அப்போது பெருகின. லண்டனில் தாமஸ் பிர்மின் என்ற வணிகர் 1676இல் சணல்நார் நூற்கும் சாலை ஒன்று தொடங்கி, ஒரு கட்டத்தில் 1,600 பேருக்கும் மேல் வேலை கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் விற்ற பணம் போட்ட பணத்துக்குக் கட்டவில்லை, நட்டத்தைக் கையிலிருந்து போட்டார். பிரிஸ்டல் வணிகர் ஜான் கேரியின் முயற்சியால் 1696இல் அந்த நகரத்து வட்டாரங்கள் எல்லாம் ஒன்றாகி ஏழைகளுக்கான பொது நிறுவனம் ஆனது, அங்கே சிறுமிகளை நூற்க உட்கார வைத்தார்கள். தத்துவஞானி ஜான் லாக் 1697இல் வணிக வாரியத்துக்குக் கொடுத்த அறிக்கை இதைவிடக் கடுமை. மூன்று வயதுக்கு மேல் பதினான்கு வயதுக்குள் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு ‘உழைப்புப் பள்ளி’, அனுமதிச் சீட்டைப் போலியாகத் தயாரிப்பவருக்குக் காதை அறுக்கும் தண்டனை. நல்லவேளை, அது சட்டமாகவில்லை.

1704இல் வட்டாரந்தோறும் இப்படிப்பட்ட வேலைக்கூடங்கள் அமைக்க ஒரு மசோதா வந்தபோது, பின்னாளில் ‘ராபின்சன் குரூசோ’ நாவலை எழுதிய டேனியல் டீபோ எதிர்த்து எழுதினார். லண்டன் வேலைக்கூடத்தில் ஏழைக் குழந்தைகள் ஒரு சிட்டம் நூல் நூற்றால், முன்பு அதை நூற்றுக்கொண்டிருந்த வேறொரு ஏழைக் குடும்பம் ஒரு சிட்டம் குறைவாக நூற்கும். துணிக்கான தேவை கூடவில்லையே! நெசவு ஊரான கோல்செஸ்டரில் ஒரு ஏழையைப் பட்டினி போட்டு லண்டனில் ஒரு ஏழைக்குச் சோறு போடுகிறீர்கள் என்றார். மசோதா பிரபுக்கள் சபையில் நின்றுபோனது.

இதே டீபோ 1719இல் காலிகோவுக்கு எதிராக நெசவாளர் பக்கம் நின்று எழுதினார். முரண்போலத் தோன்றும், ஆனால் அவர் கணக்கில் முரணில்லை. கோல்செஸ்டர் நெசவாளியின் வேலை லண்டனுக்குப் போனால் நாட்டுக்கு லாபமில்லை, சோழமண்டல நெசவாளியின் வேலை லண்டனுக்குப் போனால் லாபம். கோல்செஸ்டர்காரர் கூட்டலில் இருக்கிறார், சோழமண்டலத்துக்காரர் கூட்டலுக்கு வெளியே. அன்றைய பொருளாதாரச் சிந்தனை முழுக்க இந்தக் கோட்டைச் சுற்றித்தான் நிற்கிறது. இன்றைய வரிச் சண்டையில் கோடு வேறிடத்தில் இருக்கலாம், கோடு போடும் முறை அதேதான்.

தடை என்ன செய்தது?

சாயமேற்றிய துணிக்குத்தான் தடை. வெள்ளைத் துணி வரி கட்டி வரலாம். அதனால் 1701க்குப் பிறகு வெள்ளைக் காலிகோவை வாங்கி லண்டனிலேயே அச்சடிக்கும் பட்டறைகள் செழித்தன. கம்பளி, பட்டு நெசவாளர்கள் மீண்டும் கொதித்தார்கள். 1719 கோடையில் லண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருவில் காலிகோ உடுத்திய பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் ஊற்றினார்கள். அச்சுப் பட்டறைக்காரர்கள் தங்கள் ஏழைகளின் எண்ணிக்கையைச் சொல்லி மனுப் போட்டார்கள், நெசவுத் தரப்பு தங்கள் ஏழைகளின் எண்ணிக்கையைச் சொன்னது. வேலையை மட்டுமே அளவுகோலாக வைத்தால் இப்படித்தான் முட்டும், இரண்டு பக்கமும் ஏழைகள் இருக்கிறார்களே. அமிலம் பட்ட பெண்களிலும் பலர் வேலைக்காரப் பெண்கள்தான்.

1721இல் வந்த இரண்டாம் சட்டம் அச்சுக் காலிகோவை எங்கே அச்சடித்தாலும் உடுத்தத் தடை போட்டது. உடுத்தினால் 5 பவுண்டு, விற்றால் 20 பவுண்டு. ஆனால் சில விலக்குகள் இருந்தன: மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணி, முழு நீலத் துணி, ஆளிநார்ப் பாவில் (நெடுக்கு நூலில்) பருத்தி ஊடை (குறுக்கு நூல்) கோத்த பஸ்டியன். இந்தக் கடைசி விலக்குதான் மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷையர் பகுதியின் பருத்தித் தொழிலுக்கு வாசல். உடுத்தும் ஆசை போகவில்லை, இந்தியத் துணி சட்டப்படி வராது, கம்பளி அந்த ஆசையை நிரப்பாது. மான்செஸ்டர்காரர்கள் பஸ்டியனில் அச்சடித்தார்கள். கம்பளிக்காரர்கள் எதிர்த்தும் 1736இல் நாடாளுமன்றம் அது செல்லும் என்று உறுதி செய்தது. நூற்பு இயந்திரங்கள் வந்த பிறகு பருத்தியையே பாவாகவும் போட முடிந்தது.

கம்பளியைக் காக்க வந்த தடை கம்பளியின் மிகப்பெரிய போட்டியாளரை உள்ளூரிலேயே வளர்த்துவிட்டது. தடை மட்டுமே அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன், இயந்திரமும் நிலக்கரியும் அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியும் இல்லாமல் அது நடந்திருக்காது. இந்தக் கரையில் நெசவு உடனே சாயவுமில்லை. மற்ற சந்தைகள் இருந்தன. 1734இல்கூடக் கம்பெனி நூற்பவர்களையும் நெசவாளர்களையும் குடியமர்த்தச் சின்னத்தறிப்பேட்டையை உருவாக்கியது, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

1774இல் நூற்பு இயந்திரத் தொழிலதிபர் ஆர்க்ரைட்டின் கோரிக்கையை ஏற்று, பிரிட்டனில் நூற்று நெய்த முழுப் பருத்தித் துணிக்குத் தடை நீக்கப்பட்டது. இந்தியத் துணிக்கு நீக்கப்படவில்லை. அப்போது ஒரு சிக்கல் வந்தது. இரண்டும் பருத்தி, இரண்டும் வெள்ளை, கடையில் எது எது என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பிரிட்டிஷ் துணியின் இரு கரைகளிலும் மூன்று நீல நூல் ஓட்டி நெய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.